ஏற்றியவளும் இறக்கியவளும்

இளம் மருத்துவிச்சிமார் சிலர் சேர்ந்து ஒரு மலர் போடுகிறார்கள். அதற்கு நானும் ஏதாவது எழுத வேண்டுமென்று இரண்டு பிள்ளைகள் வீட்டுக்கு வந்து கேட்டார்கள். ஒருத்தி, "உங்களோட வேலை செய்தவையில உங்களால மறக்கேலாத ஒராளைப் பற்றி எழுதுங்கோ அம்மா" என்றாள். மற்றவள், "அந்தக் காலத்தில சாதிக்கொரு கட்டில் இருந்ததெண்டு சொல்லுறவை, உண்மையோ?" என்று கேட்டாள். "சாதிக்கொரு கட்டில் இருக்கேல்லை, பிள்ளை. சில சாதிக்குக் கட்டிலே இருக்கேல்லை" என்றேன். பகிடி என்று நினைத்தாளோ என்னவோ, சிரித்தாள்.

அவர்கள் போன பிறகு யோசித்துப் பார்த்தேன். இரண்டு கேள்விக்கும் மறுமொழி ஒன்றுதான். மறக்க முடியாத ஆள் எனக்கு ஒருத்திதான் உண்டு. அவளை எனக்குப் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டு யாரும் இதை வாசிக்க வேண்டாம். அவள்மேல் எனக்குப் பொறாமை. அன்றைக்கும் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது.

அவளுடைய பெயர் றோஸ். அல்லைப்பிட்டிக் கடற்கரைப் பெண், கத்தோலிக்க வேதக்காரி. என்னைவிட வயதில் இளையவள். நாங்கள் இருவரும் கொழும்பில் ஒரே காலத்தில் பயிற்சி பெற்றோம். பரீட்சையில் நான் முதலாவதாக வந்தேன். அவள் தட்டுத்தடுமாறிச் சித்தியடைந்தாள். பயிற்சியைப் பற்றி இதற்குமேல் எழுத ஒன்றுமில்லை. கை கழுவக் கற்றுக்கொண்டோம், காத்திருக்கக் கற்றுக்கொண்டோம். எங்கள் வேலையில் பாதிக்குமேல் இந்த இரண்டும்தான்.

முப்பதுகளில் தீவுப் பகுதியில் ஒரு பிள்ளைப்பேற்று விடுதியில் இருவருக்கும் வேலை கிடைத்தது. எந்தத் தீவு, எந்த விடுதி என்று நான் எழுதப் போவதில்லை. கொழும்பில் கடைகள் வைத்திருந்த ஒரு முதலாளி தன் தாயின் நினைவாகக் கட்டிக் கொடுத்தது. அவருடைய பேரப்பிள்ளைகள் நல்லவர்கள். என்னைக் கண்டால் இப்போதும் எழும்பி நிற்கிறவர்கள்.

முன்பக்கம் ஒரு கூடம், அதில் நான்கு இரும்புக் கட்டில்கள். பக்கத்தில் ஒரு மருந்தறை. பின்னால் ஒரு விறாந்தை, அதற்கப்பால் குசினியும் களஞ்சிய அறையும். முன்வாசலால் வருகிறவர்களுக்குக் கட்டில். மரம் ஏறுகிறவர்கள், பறை அடிக்கிறவர்கள், துணி வெளுக்கிறவர்கள் ஆகியோரின் பெண்கள் பின்பக்கத்தால் வருவார்கள். அவர்களுக்குப் பின் விறாந்தையில் பாய். இப்படித்தான் என்று எங்கும் எழுதி ஒட்டியிருக்கவில்லை, ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவும் இல்லை. வேலைக்குச் சேர்ந்த அன்றே எனக்கு அது தெரிந்திருந்தது, ஏனென்றால் நான் பிறந்து வளர்ந்த வீட்டிலும் அப்படித்தான். பின் விறாந்தையில் குந்தியிருந்து பேறு பார்த்தால் முதுகு நோகும். ஆரம்ப காலத்தில் அதைத் தவிர வேறு நோவு எனக்கு வரவில்லை.

நான் ஒழுங்காக வேலை செய்தேன். கத்தரியும் நூலும் கொதிக்க வேண்டிய நேரம் கொதிக்கும். காபோலிக் கரைசல் அளவு பிழைக்காது. குழந்தையின் கண்ணுக்கு மருந்துத் துளி விட மறந்ததே கிடையாது. ஆனால் படகால் இறங்கி வருகிற பெண்கள் வாசலில் கேட்பது, "றோசம்மா நிக்கிறாவோ?" என்றுதான். ஒருத்தி, வலி வந்தும் பல்லைக் கடித்துக்கொண்டு சத்தமில்லாமல் கிடந்தாள். றோஸ் வேலைக்கு வந்து கதவைத் திறந்ததும்தான் "அம்மா!" என்று கத்தினாள். என் முன்னால் கத்தவும் அவளுக்கு மனம் வரவில்லை! றோஸின் கை சூடானது என்பார்கள். என்னுடைய கையும் சூடான கைதான். நான் அடிக்கடி கழுவுவேன், அதனால் குளிர்ந்திருக்கும்.

எங்களுக்கு மேலே இருந்தவர் அப்போதிக்கரி ஐயா. முழு டொக்டர் அல்ல, ஆனால் சின்ன ஆஸ்பத்திரிகளை அந்தக் காலத்தில் அப்போதிக்கரிமார்தான் கொண்டு நடத்தினார்கள். ஓய்வு பெற்ற பிறகு இந்த விடுதிக்கு வந்தவர். மெலிந்த ஆள், வெள்ளைக் கோட்டு. வாய் விட்டு ஏசியதை நான் காணவில்லை. நோயாளியைத் தொடுமுன் தன் உள்ளங்கைகளை ஒன்றோடொன்று தேய்த்துச் சூடாக்குவார். வலியில் இருக்கும் பெண்ணுக்கு முன்னால் நின்றுகொண்டு பேசினால் அவருக்குப் பிடிக்காது. "இரும் பூரணம், இருந்து கதையும். நிண்டா, நீர் தன்னை விட்டிட்டுப் போகப்போறீர் எண்டு அவ நினைப்பா" என்பார். இன்றைக்கும் நான் கட்டில் ஓரத்தில் இருந்துதான் நோயாளியோடு பேசுகிறேன். அது அவர் தந்தது.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. தீர்மானம் எடுக்க வேண்டிய ஒரு விடயம் வந்துவிட்டால் கண்ணாடியைக் கழற்றிக் கோட்டு விளிம்பால் துடைப்பார். அந்தக் கண்ணாடியில் அழுக்கே இருக்காது. துடைத்து முடித்து மாட்டிக்கொண்டு, "நான் பாக்கிறன்" என்பார். ஓம் என்றும் சொன்னதில்லை, ஏலாது என்றும் சொன்னதில்லை. விடயம் தானாக ஒரு பக்கம் சாய்ந்துவிடும். பெரும்பாலும் அது முதலாளியின் பக்கமாகவே இருக்கும்.

வள்ளி வந்தது வாடைக்காற்று மாதத்தில். மத்தியானம், மழை சாய்வாகப் பெய்துகொண்டிருந்தது. அவளுடைய கணவன் கந்தன் முதலாளியின் பனங்காணியில் மரம் ஏறுகிறவன், முதலாளியின் நிலத்தில்தான் குடியிருந்தான். ஓலைப்பாயில் கிடத்தி, வேறு மூன்று பேருடன் தூக்கி வந்து பின் விறாந்தையில் வைத்துவிட்டு, மழைக்குள் போய் நின்றான். உள்ளே கூடத்தில் அன்று ஒரு கட்டிலில்தான் ஆள் இருந்தது. முதலாளியின் தம்பி மனைவி நாகம்மா, குழந்தை பிறந்து ஓரிரு நாள்.

வள்ளிக்குப் பிள்ளை சுகமாகப் பிறந்தது, பெண். றோஸ் குழந்தையைத் துடைத்துச் சுற்றினாள். நஞ்சும் மாக்கொடியும் விழுந்தன. அதற்குப் பிறகுதான் இரத்தம் போகத் தொடங்கியது.

இதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கத்தல் இல்லை, வலி இல்லை, பெண்ணின் முகம் மட்டும் மெல்ல மெல்ல வெளுக்கும். நான் அடிவயிற்றில் கையை வைத்துக் கர்ப்பப்பையைத் தேய்த்தேன். அது கல்லுப்போல இறுக வேண்டும். இறுகும், கையை எடுத்தால் மறுபடியும் களிமண்ணாகும். கட்டிகளை வெளியே எடுத்தேன். கர்ப்பப்பையை இறுக்கும் எர்கட் மருந்து கொடுத்தேன். சிறுநீர்ப்பையை வெறுமையாக்கினேன். அடுத்துச் செய்ய வேண்டியது, கட்டிலின் கால்பக்கத்தை உயர்த்துவது. கட்டிலின் இரண்டு கால்களுக்குக் கீழே செங்கல் வைத்தால் தலைப்பக்கம் தாழும். இருக்கிற இரத்தம் மூளைக்கும் நெஞ்சுக்கும் போகும். எங்களுக்கு முதல் மாதத்திலேயே படிப்பித்த விடயம்.

பாயின் காலை உயர்த்த முடியாது. இடுப்புக்குக் கீழே தலையணைகளை அடுக்கிப் பார்த்தேன்; ஈரச் சீமெந்தில் பாய் வழுக்கியது, அவள் சரிந்தாள். சாரல் அவள் முகத்தில் அடித்தது. நாடியைப் பிடித்தேன், விரலுக்குக் கீழே நூல் ஓடுவது போல இருந்தது.

"றோஸ், பிள்ளையை அங்கால வைச்சிட்டு வா. கட்டிலுக்குக் கொண்டுபோவம்."

அவள் என்னைப் பார்த்தாள். "அக்கா, உள்ளுக்கை நாகம்மாக்கா கிடக்கிறா."

"தெரியும். பிடி."

உடனே பிடித்தாள். அதை நான் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். இருவருமாகப் பாயோடு தூக்கிக் கூடத்துக்குள் கொண்டுபோய்ச் சுவரோரக் கட்டிலில் கிடத்தினோம். செங்கல்லை நானே எடுத்து வந்து வைத்தேன். மறுபடியும் தேய்க்கத் தொடங்கினேன். சிறிது நேரத்தில் கர்ப்பப்பை இறுகி, என் கைக்குள் அப்படியே நின்றது. அந்த உணர்வை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. என் வாழ்நாளில் நான் என்மேல் பெருமைப்பட்ட நேரம் என்று ஒன்று இருந்தால் அதுதான்.

நாகம்மா எழும்பிவிட்டார். "ஐயோ, என்ன வேலை இது? ஆரைக் கொண்டுவந்து கிடத்தியிருக்கிறியள்? பச்சைப்பிள்ளை கிடக்கிற இடம்!" என்றபடி குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன் விறாந்தைக்குப் போய், குளிர் காற்றில் ஒரு கதிரையில் இருந்தார். பிள்ளை பெற்ற உடம்பு. போகாதையுங்கோ என்று கத்தினேன், ஆனால் வள்ளியின் வயிற்றிலிருந்து கையை எடுக்க முடியவில்லை. ஆள் அனுப்பி முதலாளியைக் கூப்பிட்டார்.

அப்போதிக்கரி ஐயா மருந்தறையிலிருந்து வந்தார். உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டு வள்ளியின் நாடியைப் பார்த்தார். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார்.

"எர்கட் குடுத்தனீரோ?"

"ஓம் ஐயா."

"கல்லு வைச்சது சரி."

அந்த நேரம் முதலாளி வந்துவிட்டார். குடையை மடக்கித் தூணில் சாய்த்துவிட்டு, கூடத்து வாசலில் நின்றார். அவரும் சத்தம் போடுகிற மனிதர் இல்லை. அந்த வீட்டார் ஒருவரும் சத்தம் போட மாட்டார்கள், போட வேண்டிய தேவை அவர்களுக்கு இருந்ததில்லை.

"டொக்குத்தர், இது ஆற்ற வேலை?"

ஐயா கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ர வேலை" என்றேன் நான்.

"பிள்ளை, இது என்ர அம்மான்ர பேரில போட்ட கட்டில். இனி இதில ஆர் வந்து கிடப்பினம், சொல்லும் பாப்பம்?"

"கட்டிலில கிடத்தாட்டி இவள் செத்துப்போவாள். இரத்தம் முழுக்க நிக்கிறவரைக்கும் இறக்க ஏலாது."

"நிக்கட்டும்" என்றார். "உயிரை எடுக்கச் சொல்லி நான் சொல்லேல்லையே. வேற இடத்தில வைச்சு நிப்பாட்டுங்கோ எண்டுதான் சொல்லுறன்."

நான் ஐயாவைப் பார்த்தேன். அவர் கூடத்துக்கும் விறாந்தைக்கும் நடுவே, வாசல்படியில் நின்றார். கண்ணாடியை மாட்டினார். "நான் பாக்கிறன்" என்றார். யாரை, எதை என்று சொல்லவில்லை.

நான் முதலாளியோடு பேசிக்கொண்டேயிருந்தேன். எனக்குப் படிப்பித்ததை எல்லாம் சொன்னேன், சட்டம் இருக்கிறது என்றேன், கொழும்பில் இப்படி இல்லை என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். இதற்கிடையில் றோஸ் குனிந்து வள்ளியின் காதில் ஏதோ கேட்டாள். பிறகு பின்பக்கமாக வெளியே போனாள். கொஞ்ச நேரத்தில் பின் விறாந்தையில் மரம் இழுபடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து என் தோளைத் தொட்டாள்.

"அக்கா, களஞ்சிய அறைக் கதவைக் கழற்றிப் போட்டிருக்கு. கந்தன்தான் கழற்றினவன். ஒரு பக்கம் கல்லு வைச்சிருக்கிறன். சாரல் அடிக்காம ஓலைக் கிடுகும் கட்டியாச்சு. வள்ளிக்கு இறங்கவேணுமாம்."

"அவள் பயத்தில சொல்லுறாள்."

"ஓம் அக்கா, பயத்திலதான் சொல்லுறாள்."

வள்ளியைப் பார்த்தேன். இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக் கும்பிட்டபடி கிடந்தாள். எவ்வளவு நேரமாக அப்படிக் கும்பிட்டாளோ தெரியாது. "இறக்கி விடுங்கோ நாச்சியார். அவர் அந்தக் காணியில மரம் ஏறவேணும், நாச்சியார்" என்றாள். கர்ப்பப்பை இறுகியபிறகும் நாடியின் வேகம் ஏன் அடங்கவில்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

தலைப்பக்கத்தை நான் பிடித்தேன். கால்பக்கத்தை றோஸ் பிடித்தாள். முதலாளி ஒதுங்கி வழிவிட்டார். அந்தக் கதவுப் பலகையில், கால் உயர்ந்து தலை தாழ்ந்து, வள்ளி அன்று முழுவதும் கிடந்தாள். உயிர் பிழைத்தாள். போகும்போது றோஸின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். எனக்கும் கும்பிட்டாள்தான். தூரத்தில் நின்று.

அன்று பின்னேரம் ஐயா என்னை மருந்தறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார்.

"பூரணம், நீர் செய்தது முழுக்கச் சரி. கட்டிலுக்கு ஏத்தியிருக்காட்டி அவள் முடிஞ்சிருப்பாள்." கதவுப் பக்கம் பார்த்துவிட்டு, "நான் இப்பிடிச் சொன்னதெண்டு ஒருத்தரிட்டையும் சொல்லாதையும்" என்றார்.

இத்தனை காலமும் நான் சொல்லவில்லை. இப்போது அவரும் இல்லை.

அந்தக் கட்டிலின் மெத்தையை எரித்தார்கள். இரும்பை மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். பிறகும் அதில் கிடக்க எல்லாரும் மறுத்ததால் மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் போட்டார்கள். சில நாட்களில் கந்தனுக்குச் செய்தி போனது: இனி மரத்தில் ஏற வேண்டாம், நிலத்தை விட்டு எழும்ப வேண்டும்.

நான் முதலாளி வீட்டுக்குப் போனேன். கையோடு என் வேலையையும் கொண்டுபோனேன் என்று சொல்லலாம், அதைக் கொடுத்துவிட்டு வரும் எண்ணத்தோடு. என்னைக் கண்டதும் கதிரை போட்டார்கள். பால் விட்ட தேத்தண்ணியும் பனங்கட்டியும் வந்தன.

"ஏத்தினது நான். அவள் கேக்கவும் இல்லை, கந்தன் உள்ளுக்கு வரவும் இல்லை. பிழையெண்டா என்னை நிப்பாட்டுங்கோ" என்றேன்.

முதலாளி சிரித்தார். கேலியான சிரிப்பு இல்லை, உண்மையான அன்போடுதான் சிரித்தார்.

"உம்மை ஏன் பிள்ளை நிப்பாட்டுறது? நீர் எங்கட ஆள். உம்மட தகப்பனாரும் நானும் ஒண்டாப் படிச்சனாங்கள். உம்மில எங்களுக்கு ஒரு கோவமும் இல்லை. தேத்தண்ணியைக் குடியும், ஆறப்போகுது."

"அப்ப கந்தன் என்ன செய்தவன்?"

"அவன் ஒண்டும் செய்யேல்லை. அவன்ர பெண்சாதி கட்டிலில கிடந்தவள். அதை ஊர் அறிஞ்சுபோச்சு. நான் பேசாமல் விட்டா நாளைக்கு ஊரில ஆர் எனக்கு மரியாதை தருவினம்?"

செய்தவளுக்குத் தேத்தண்ணி, செய்யாதவனுக்குத் தண்டனை. எவ்வளவு கேட்டும் என்னை அவர்கள் தண்டிக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம், யாராவது என்னை ஒரு வார்த்தை ஏசமாட்டார்களா என்று இருந்தது. வேலையை நானே விட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். விட்டிருந்தால் கந்தனுக்கு மரம் திரும்பக் கிடைத்திருக்காது. பின் விறாந்தைக்கு வருகிறவர்களுக்கு ஒரு மருத்துவிச்சி குறைந்திருப்பாள். அப்படித்தான் அப்போது நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன்.

கந்தன் குடும்பம் எங்கே போவதென்று தெரியாமல் நின்றபோது, றோஸ் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போன இடத்தில் சுவாமியாரோடு பேசி, ஊர்காவற்றுறைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு குடிசை போட இடமும், மூட்டை தூக்கும் வேலையும் ஒழுங்கு செய்துவிட்டாள். அதிலும் அவளே! பிள்ளைக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று கேட்க வேண்டுமா? றோசா.

எனக்குப் பொறுக்கவில்லை. குசினியில் றோஸ் கத்தரிகளை அவித்துக்கொண்டிருந்தபோது போய்க் கேட்டேன்.

"நீ ஏன் அண்டைக்குப் பலகையைக் கொண்டுவந்தனி? இன்னும் கொஞ்ச நேரம் நிண்டிருந்தா அவர் போயிருப்பார். அவள் கட்டிலிலயே கிடந்திருப்பாள்."

"போயிருக்க மாட்டார் அக்கா."

"உன்னாலதான் எல்லாம் அவைக்கு வசதியாப் போச்சு."

றோஸ் அடுப்பை ஊதிவிட்டு நிமிர்ந்தாள். அவள் கோபப்பட்டதை நான் கண்டது அந்த ஒருமுறைதான். அதுவும் பெரிய கோபம் இல்லை.

"அக்கா, நீங்கள் முதலாளியைப் பாத்துக்கொண்டு நிண்டியள். நான் வள்ளியைப் பாத்தனான்."

எனக்கு முகத்தில் அடித்தது போல இருந்தது. ஆனால் என்னிடமும் ஒரு பதில் இருந்தது.

"நல்லாப் பாத்தனி. அந்தப் பலகை இனி எந்தக் காலத்திலும் அந்த விறாந்தையை விட்டு எழும்பாது. இருந்து பார்."

அவிந்த கத்தரிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். நான் சொன்னது விளங்காத ஆளில்லை அவள்.

நான் சொன்னபடியே நடந்தது. முதலாளி தச்சனைக் கூப்பிட்டு அந்தக் கதவை இழைத்து, பக்கத்துக்கு இரண்டாக நான்கு கட்டைக் கால் போட்டு, வர்ணமும் பூசிக் கொடுத்தார். ஏழைகளுக்குச் செய்த தருமம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். கூடத்தில் கட்டில்கள் வெறுமையாகக் கிடந்த நாட்களிலும் பின்பக்கத்தால் வந்தவர்கள் எல்லாரும் அந்தப் பலகையில்தான் பிள்ளை பெற்றார்கள். "பலகை இருக்குத்தானே, பிறகென்ன?" என்பது ஐயாவுக்கும் வசதியாகிவிட்டது. அதற்குப் பிறகு அவர் இந்த விடயத்துக்காகக் கண்ணாடி துடைக்க வேண்டி வரவில்லை.

அந்தப் பெண்கள் அதை என்னவென்று சொன்னார்கள் தெரியுமா? றோசம்மாப் பலகை. பாயைவிட அது எவ்வளவோ மேல். முதுகில் ஈரம் இல்லை, சாரல் இல்லை, பேறு பார்க்க எங்களுக்கும் சுகம். அதில் எத்தனையோ பேர் பிழைத்தார்கள். அதில் குனிந்து நின்று பேறு பார்த்த ஒவ்வொரு தடவையும், என் பெயரில் இந்த உலகத்தில் ஒரு துண்டு மரம்கூட இல்லை என்று நினைத்தேன். அது சின்னத்தனமான நினைப்பு என்று தெரிந்தும் நினைத்தேன். மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்த கட்டிலுக்கு யாரும் பெயர் வைக்கவில்லை.

பிறகு றோஸ் கலியாணம் முடித்து ஊர்காவற்றுறைக்குப் போனாள். விடுதியில் நான் தனியாக நின்றேன். இரண்டாம் உலக யுத்தம் தொடங்கியது, அரிசி குறைந்தது, படகுகள் குறைந்தன. ஐயா வேலையை விட்டார். புதிதாக வந்த டொக்டரிடம் நான் பின் விறாந்தையைப் பற்றி எழுதிக் கொடுத்தேன். அவர் ஒரு வருடத்தில் மாற்றலாகிப் போனார். அடுத்தவரிடமும் எழுதிக் கொடுத்தேன். நான் நெடுந்தீவுக்கு வேலை மாறிப் போகும்வரைக்கும் பலகை அங்கேதான் இருந்தது.

யுத்தம் முடிகிற காலம். யாழ்ப்பாணத்துக்குப் போய்த் திரும்பும்போது ஊர்காவற்றுறையில் அகப்பட்டுக்கொண்டேன். சோழகக் காற்று பலமாக அடித்ததால் படகு எடுக்க மாட்டோம் என்றார்கள். துறைமுகம் முழுக்கத் தீவுச் சனம். நெடுந்தீவுக்காரர், நயினாதீவுக் கோயிலுக்குப் போகிறவர்கள், எங்கள் ஊர்க்காரர் என்று எல்லாரும் மூட்டைகளோடு குந்தியிருந்தார்கள். வெயிலில் நின்றபோது ஒருவர் கிட்ட வந்தார்.

"அம்மா, நீங்கள் பூரணம் அம்மாதானே?"

கந்தன். தலைமயிர் நரைத்துவிட்டது. தோளில் மூட்டை தூக்கித் தழும்பேறியிருந்தது. அவன் முன்பெல்லாம் என்னை நாச்சியார் என்றுதான் கூப்பிடுவான். இப்போது அம்மா என்றான். அவன் என்று எழுதுவதும் சரியில்லை, அவர்.

"வெயிலுக்கை நிக்காதையுங்கோ. உதில பக்கத்திலதான் வீடு, வாங்கோ."

போனேன். ஓலைக்குடிசைதான், முற்றம் கூட்டிச் சுத்தமாக இருந்தது. வள்ளி வெளியே வந்தாள். என்னை உற்றுப் பார்த்து, அடையாளம் கண்டதும் மேல் துணியைச் சரிசெய்துகொண்டாள். அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி:

"றோசம்மாவைக் கண்டனீங்களோ? காய்ச்சலெண்டு கேள்விப்பட்டம்."

காணவில்லை என்றேன். இருப்பதற்கு ஒரு பெட்டியைத் துடைத்து வைத்தாள். எதிரே நிலத்தில் இருந்தாள். கொஞ்ச நேரம் ஊர்ப் புதினம் பேசினோம். மனதில் கிடந்ததை நான் கேட்டேன்.

"வள்ளி, அண்டைக்கு உம்மைக் கட்டிலில ஏத்தினதால உங்களுக்கு நிலம் போச்சு. என்னில கோவம் இருக்கோ?"

அவள் யோசித்தாள். "கோவம் இல்லை அம்மா. ஆனா அது எனக்கு அண்டைக்கு வேண்டாமா இருந்தது. செத்துப்போவன் எண்ட பயத்தை விட அந்தக் கட்டில் பயம் பெரிசு." பிறகு கந்தனைக் காட்டி, "உவர் சொல்லுறவர், அது நடந்தபடியாத்தான் நாங்கள் அந்த ஊரை விட்டு வெளிக்கிட்டனாங்கள் எண்டு. நல்லதெண்டு சொல்லுறவர். எனக்குத் தெரியாது" என்றாள்.

கந்தன் வெளியே போய்ச் சந்திக் கடையிலிருந்து ஒரு போத்தல் சோடா வாங்கி வந்து, என் முன்னால் மூடியைத் திறந்து கொடுத்தார். இதை எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். மேல்சாதிக்காரர் இப்படியான வீட்டுக்கு ஏதேனும் அலுவலாக வந்தால் வீட்டுக் கோப்பையில் ஒன்றும் குடிக்க மாட்டார்கள். கடைச் சோடாவென்றால் குடிப்பார்கள். அதுதான் அந்த வீட்டார் செய்யக்கூடிய மரியாதை.

வாசலில் நின்ற பெண்பிள்ளை, றோசா, சோடாவைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "றோசம்மா மாமி வந்தா எங்கட கோப்பையிலதானே தேத்தண்ணி குடிக்கிறவ."

"சும்மா இரு" என்று வள்ளி அதட்டினாள்.

எனக்குள் பழைய நெருப்பு அப்படியே எழுந்தது. அவள் குடித்தால் நான் குடிக்க மாட்டேனா? வள்ளிக்காகக் கூடத்தில் முதலாளியை எதிர்த்து நின்றது யார்? போத்தலை நிலத்தில் வைத்தேன்.

"வள்ளி, எனக்குச் சோடா வேண்டாம். எனக்கும் தேத்தண்ணி போட்டுத் தாரும்."

வள்ளி எழும்பவில்லை. அவளுடைய கண்கள் என்னைத் தாண்டி வெளியே போயின. திரும்பிப் பார்த்தேன். வேலிக்கு அப்பால், படகுக்குக் காத்திருந்த சனம். எங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கக்கடைக்காரர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னுடைய சின்னம்மாவின் மகனும் அவர்களோடு நின்றான்.

"அம்மா, றோசம்மா கடற்கரை ஆள், வேதக்காரி. அவ குடிச்சா ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம்" என்றாள் வள்ளி, மிகவும் மெதுவாக. "நீங்கள் குடிச்சா எங்களைத்தான் கேப்பினம். இவர் அவையின்ர மூட்டையைத்தான் தூக்கவேணும்."

அவள் கும்பிடவில்லை. ஆனால் கைகள் இரண்டும் மடியில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன. அந்தக் கைகளை நான் பார்த்தேன். வேலிப் பக்கம் திரும்பவில்லை.

நிலத்தில் வைத்த போத்தலை எடுத்தேன். வெளியே நின்ற சனம் எல்லாரும் பார்க்கக்கூடியதாக அண்ணாந்து, அந்தச் சோடாவை முழுவதும் குடித்து முடித்தேன். வெறும் போத்தலைக் கந்தனிடம் கொடுத்தபோது, வள்ளியின் கைகள் ஒன்றையொன்று விட்டுவிட்டன.